வலது காதின் அச்சு

என் அண்ணன் வாழ்நாள் முழுக்கக் காது செய்தான். எனக்குப் பிறந்ததிலிருந்து ஒரு காதுதான். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால், நான் கதை விடுகிறேன் என்று நினைத்து எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அவர்கள் பார்வை என் வலப்பக்கத்துக் கூந்தலுக்குப் போகும். பிறகு பார்க்காத மாதிரி வேறு பேச்சை எடுப்பார்கள். எனக்கு இது பழகிவிட்டது. போன வருடம் இறந்துபோன அண்ணனுக்குத்தான் கடைசிவரை பழகவில்லை.

அவன் மருத்துவக் கல்லூரிக்குப் பின்னால் இருந்த ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். உடம்புக்குள் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிற ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் காது வடிவத்தில் சட்டகம் செய்வது அவன் வேலை. பஞ்சு போல அதற்குள் முழுக்கத் துளைகள் இருக்கும். நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பில் ஒரு துணுக்கு எடுத்து, அதிலுள்ள செல்களை அந்தத் துளைகளில் குடியேற்றி, இளஞ்சூட்டில் வளர்த்து, தோலுக்கு அடியில் வைப்பார்கள். செல்கள் பெருகிப் புதுக் குருத்தெலும்பாகும். சட்டகம் கரைந்து இடம் விடும். கடைசியில் மிஞ்சுவது சொந்தச் சதையால் ஆன காது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள். இந்தச் சுலபத்தில்தான் எங்கள் குடும்பம் ஏமாந்தது.

எனக்கும் அண்ணனுக்கும் வயதில் பெரிய இடைவெளி. நான் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது அவன் வேலை தேடிக்கொண்டிருந்தான். வலப்பக்கம் காது இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு சின்னச் சதை மொட்டு மட்டும் இருந்தது. என்னை 'மொட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தவன் அவன்தான். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் கடித்துவைப்பேன். வகுப்பில் ஒருத்தியைக் கடித்தும் இருக்கிறேன்.

துவாரமே இல்லாததால் அந்தப் பக்கம் எனக்குக் கேட்கவும் கேட்காது. அதனால் தெருவில் நடந்தால் அண்ணன் எப்போதும் என் இடப்பக்கம்தான் வருவான். வெயில் எந்தப் பக்கம், வண்டி எந்தப் பக்கம் என்றெல்லாம் பார்க்க மாட்டான். அந்தப் பழக்கம் ஊறிப்போய், யாரோடு நடந்தாலும் அவன் கால்கள் தானாக இடப்பக்கம் போய்விடும். "ஒங்க அண்ணனுக்கு வலதுன்னு ஒரு பக்கம் இருக்கறதே தெரியாது" என்று அண்ணி கல்யாணமான புதிதில் என்னிடம் புகார் சொன்னாள்.

நான் நடுநிலைப் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் எனக்கு அறுவை சிகிச்சை செய்வதாக எல்லாம் முடிவாகியிருந்தது. விலாவிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பை எடுத்து, காது மாதிரி செதுக்கி, தோலுக்குள் வைத்துத் தைப்பார்கள். அந்த மருத்துவர் கைராசிக்காரர் என்று பேர். அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொரு வண்டிக்குப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர். அதனாலேயே பயந்தார்.

"விலாவுல கை வச்சா நாளைக்கு மூச்சு விடறதுக்குப் பிரச்சனை வராதா?" என்று அண்ணனைக் கேட்டார்.

அப்போதுதான் அண்ணனுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. முதன்முதலாகச் செய்த சட்டகத்தைப் பார்த்துவிட்டு வந்த பரவசம் அவனுக்கு இன்னும் அடங்கவில்லை.

"எதுக்குப்பா புள்ளைய வெட்டணும்? இன்னும் கொஞ்ச நாள்தான். நம்ம ஆய்வுக்கூடத்துலயே காதை வளர்த்துடலாம். ஒரு கீறல், அவ்வளவுதான். இப்ப விலாவ அறுத்துட்டா அப்புறம் வருத்தப்படுவோம்."

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இருக்கற டாக்டர விட்டுட்டு இனிமே வரப்போற காதுக்கு உக்காந்திருக்கணுமா?" என்றாள். அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான். அப்பாவுக்கும் உள்ளுக்குள் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அண்ணனுக்குத்தான் கை தூக்கியிருப்பேன். கத்தி இல்லை என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் என் காதுக்கு அளவெடுத்தான். சமையலறை மேடையில் தலையணை போட்டு என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தான். இல்லாத காதை அளவெடுக்க முடியாதல்லவா? நல்ல காதை அச்செடுத்து, அதையே வலது காதாகத் திருப்பிச் செய்ய வேண்டும். பல் மருத்துவர்கள் பல்லுக்கு அளவெடுக்கிற பசையைக் கிண்ணத்தில் குழைத்தான். இடது காதுக்குள் பஞ்சை வைத்து அடைத்துவிட்டு, சில்லென்று அந்தப் பசையை ஊற்றினான்.

உலகம் அப்படியே நின்றுபோனது. கேட்கிற ஒரே காதும் அடைபட்டுவிட்டது. குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, சத்தமில்லை. அம்மா பாத்திரத்தை வைத்தாள், சத்தமில்லை. அண்ணன் மட்டும் எனக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான். எனக்குக் கேட்காது என்பது அவனுக்கு மறந்துபோய்விட்டது. கைகளை விரித்தான், சிரித்தான், என் மூக்கைத் தொட்டான். பசை இறுகும்வரை அவன் வாய் ஓயவில்லை. நானும் சிரித்தேன். அவன் என்ன சொன்னாலும் நடக்கும் என்று அன்றைக்கு நம்பினேன். அப்படி யாரையும் பிறகு நம்பியதில்லை.

அப்போது இதையெல்லாம் கணினியில் திருப்பிப் போடுகிற வசதி அவர்களிடம் இல்லை. என் காதின் பிளாஸ்டர் வார்ப்பை மேஜையில் வைத்து, அதன் எதிரில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்து மெழுகில் செதுக்கினான். முதல் தடவை பாடுபட்டுச் செய்து முடித்துத் தூக்கிப் பார்த்தால், அதுவும் இடது காது. கண் கண்ணாடியைப் பார்த்திருக்கிறது, கை வார்ப்பைப் பார்த்திருக்கிறது. "ரெண்டு இடது காது வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று கேட்டேன். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அதை உருக்கி மறுபடி செய்தான். இந்த முறை சரியாக வந்தது. என் காதின் மேல்விளிம்பில் ஒரு சின்ன மடிப்பு உண்டு, யாரோ நகத்தால் அழுத்தியது மாதிரி. அது அப்பாவிடமிருந்து வந்தது. அந்த மடிப்பையும் விடாமல் மெழுகில் கொண்டுவந்திருந்தான்.

அந்த மெழுகிலிருந்து ஓர் அச்சு செய்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனான். பிளாஸ்டிக் கரைசலில் உப்புப் பொடியைக் கலந்து அச்சில் ஊற்றுவார்கள். காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்து வெளியேறும். உப்பு இருந்த இடமெல்லாம் துளையாகும். "எனக்குக் காது வருமோ வராதோ, உப்பு கரிக்கப்போவது நிச்சயம்" என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வரவில்லை. முதலில் எடுத்த பிளாஸ்டிக் அவசரப்பட்டது. செல்கள் ஊன்றி நிற்பதற்குள் கரைந்துபோனது. எலியின் முதுகுத் தோலுக்கடியில் காதாக உள்ளே போனது வதங்கிய கத்திரிக்காயாக வெளியே வந்தது. அடுத்து எடுத்தது கரையவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தது. இரண்டையும் கலந்து பார்த்தார்கள். வடிவம் நின்றது. ஆனால் முயலுக்கு வைப்பதற்காக அளவைப் பெரிதாக்கினால் உள்ளே இருந்த செல்கள் பட்டினி கிடந்து செத்தன. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும். வருடங்கள் ஓடின. அண்ணன் பொய் சொன்னான் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே அடுத்த படி அவன் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் கூடத்தில் எல்லோருக்குமே அந்த வியாதி இருந்தது. ஒரு மடிப்பு நின்றுவிட்டால் காதே நின்றுவிட்டது என்று நினைப்பார்கள்.

நான் கல்லூரி முடித்தபோது அம்மா மறுபடி அந்த மருத்துவரின் பேச்சை எடுத்தாள். அண்ணன் ஓடிவந்தான்.

"ஆட்டுக்கு வச்சது அப்படியே நிக்குதும்மா. இப்ப போய் விலாவ அறுக்கறதா?"

"ஆடு நல்லா இருக்கட்டும். நான் எம் பொண்ணப் பத்திப் பேசறேன்" என்றாள் அம்மா.

"மொட்டு, நீ சொல்லு. இவ்வளவு நாள் இருந்தாச்சு. இன்னும் கொஞ்சம்தான்."

இந்தத் தடவை என்னைக் கேட்டான். நான் சரி என்றேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பழியையும் அவன் தலையில் கட்டிய மாதிரி ஆகும். ஆனால் நான் சரி என்றது காதுக்காக இல்லை. அவன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

அம்மா தோடு வாங்கும்போதெல்லாம் ஜோடியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஒன்றை எனக்குப் போட்டுவிட்டு, இன்னொன்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பாள், பிறகு ஆகும் என்று. அம்மா போன பிறகு டப்பா என்னிடம் வந்தது. குலுக்கினால் சத்தம்கூட வராத அளவுக்கு நிறைந்துவிட்டது.

சிலிக்கோன் காது ஒன்றையும் ஒட்டிப் பார்த்தேன். பார்க்க அச்சு அசலாக இருந்தது. வியர்க்காமல் இருந்தால் நிற்கும். மனிதர்கள் நிற்கவே இடமில்லாத பஸ்ஸில் வியர்க்காமல் எப்படி இருப்பது? ஒருநாள் பின்னால் நின்ற பெரியவர் என் தோளைத் தட்டி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "அம்மா, இது... ஒங்களோடதா பாருங்க." நன்றி சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு ஒட்டவில்லை.

பிறகு நானே தனியாக மருத்துவரிடம் போனேன். பழைய கைராசிக்காரர் இல்லை, அவர் இடத்தில் ஒரு பெண். விலாவைப் படம் எடுத்துப் பார்த்தார். "சின்ன வயசுல வந்திருந்தா வெண்ணெய் மாதிரி செதுக்கியிருக்கலாம். இப்ப உள்ள சுண்ணாம்பு ஏறி எலும்பா இறுகிப்போச்சு. பண்ணலாம், ஆனா நல்லா வரும்னு என்னால சொல்ல முடியாதுங்க" என்றார். ஒளிவுமறைவு இல்லாமல் பேசியதற்காக அவரைப் பிடித்திருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று மாலை நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். மருத்துவர் சொன்னதை அவனிடம் அப்படியே சொன்னேன். அவன் வாய் தன் பழைய பாட்டைத் தொடங்கியது.

"மொட்டு, அடுத்த மாசம் புதுசா ஒரு கலவை..."

"எனக்குக் காது குத்தாதண்ணா. குத்தறதுக்கும் ஒண்ணுதான் இருக்கு" என்றேன். "எலிக்கு வச்ச, முயலுக்கு வச்ச, ஆட்டுக்கு வச்ச. எனக்கு வைக்கல. வைக்க இருந்த டாக்டரையும் போகச் சொன்ன."

அண்ணி சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். அண்ணன் தரையைப் பார்த்தான். எனக்கு அப்போது காதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. தப்பு பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான். அவன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றான். நான் சாப்பிடாமல் வந்தேன். அதற்குப் பிறகும் எங்களுக்குள் பேச்சு குறையவில்லை. வருவான், போவான், பஸ் நிறுத்தம்வரை என் இடப்பக்கம் நடந்து வந்து ஏற்றிவிடுவான். ஆனால் காது என்ற சொல்லை மட்டும் இருவரும் சுற்றிக்கொண்டு போனோம்.

மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க அனுமதி கிடைத்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அனுமதி. பெரியவர்களின் செல்கள் சோர்ந்துவிடுமாம். இந்தச் செய்தியை அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. அண்ணி சொன்னாள்.

அதற்குச் சில நாள் கழித்து அண்ணன் வந்தான். வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறவன் அன்றைக்குப் பை நிறையப் பழம் வாங்கி வந்திருந்தான். ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். மேஜையில் விரித்திருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு உட்காரச் சொன்னேன்.

"முதல்ல ஒரு சின்னப் பொண்ணுக்கு வைக்கப்போறோம்" என்றான். "அவளுக்கு ரெண்டு காதுமே இல்ல. பாத்துச் செய்யறதுக்கு அவகிட்ட ஒரு காது இல்ல."

"அம்மாவோடதப் பாத்துச் செய்ய வேண்டியதுதானே?"

"செய்யலாம். ஆனா புது வடிவம்னா எங்க வதங்கும், எங்க நிக்கும்னு தெரியாது." பழத்தை எடுத்து உருட்டினான். "இத்தன வருஷமும் ஒன்னோட அச்சுலதான் செஞ்சோம். எலி, முயல், ஆடு, எல்லாத்துக்கும். அந்த வடிவம் மட்டுந்தான் நின்னு காட்டியிருக்கு. அதச் சின்னதாக்கி வைக்கலாம்னு எங்க ஆய்வுக்கூடத்துப் பேராசிரியை சொல்றாங்க. நீ சரின்னு சொன்னாத்தான்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்த அச்சு எனக்காகச் செய்தது. எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே நான் பஸ்ஸில் காதைக் கீழே போட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம், அங்கே என் காது நாள் தவறாமல் வார்க்கப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. என் தலையைத் தவிர எல்லா இடத்திலும் அதை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

சொன்னான். எனக்கு நாள் குறித்திருந்தபோது என்ன வயதோ, அதே வயது.

"எடுத்துக்கோங்க" என்றேன். "ஆனா அவ அம்மாகிட்ட இன்னும் கொஞ்சம்தான்னு நீ சொல்லிடாத." அவன் தலையை மட்டும் ஆட்டினான். பழத்தை எனக்கு உரித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

வைத்து ஒரு வருடம் காத்திருந்தார்கள். வதங்கவில்லை, சிவக்கவில்லை. பரிசோதனைக்கு அந்தப் பெண் வருகிற நாளில் அண்ணன் என்னையும் வரச் சொன்னான். பிஸ்கட் டப்பாவிலிருந்து இருப்பதிலேயே அழகான தோட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வெளிநோயாளிகள் பகுதியில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் கடைசியில் காலை ஆட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தலையைச் சுற்றி, சத்தத்தை எலும்பு வழியாக உள்ளே அனுப்புகிற பட்டை. அவள் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து, மகளின் வலப்பக்கத்து முடியை ஒதுக்கிக் காட்டினாள்.

அப்பாவின் மடிப்பு அங்கே இருந்தது. மேல்விளிம்பில், யாரோ நகத்தால் அழுத்தியது மாதிரி. பணிமனையிலிருந்து வந்து காதோரம் கிரீஸைத் துடைத்துக்கொள்கிற என் அப்பா, முன்பின் தெரியாத ஒரு குழந்தையின் தலையில் இருந்தார். சந்தோஷமா, பொறாமையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தன. பொறாமை கொஞ்சம் கூடுதல்.

"இது ஒங்க காதுன்னு அம்மா சொன்னாங்க" என்றாள் அவள்.

"இல்லடா. மாதிரிதான் என்னோடது. காது ஒன்னோடது."

"எடுத்துக்க மாட்டீங்கள்ல?"

"மாட்டேன். எனக்கு இடது இருக்கு, ஒனக்கு வலது இருக்கு. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஜோடி" என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. தோட்டை வெளியே எடுத்தேன். அண்ணன் மெதுவாக, "புதுக் காதுல ஓட்டை போடக் கூடாது மொட்டு" என்றான். மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டேன். அது டப்பாவுக்கே திரும்பிப் போனது.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நீளமான தெரு. மருந்துக் கடைகள், ஜெராக்ஸ் கடை, பூட்டிய ஒரு வங்கி. கொஞ்ச தூரம் போன பிறகுதான் என் இடப்பக்கம் காலியாக இருப்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணன் என் வலப்பக்கம் வந்துகொண்டிருந்தான். அத்தனை வருடத்தில் ஒருநாளும் அந்தப் பக்கம் வந்தவனில்லை.

மருந்துக் கடையின் கண்ணாடியில் எங்கள் இருவரின் உருவமும் தெரிந்தது. அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டே வந்தான். நடுவில் நிறுத்தி மூக்கைத் துடைத்தான், மறுபடி பேசினான். சமையலறை மேடையில் என் காதை அடைத்துவிட்டுப் பேசினானே, அதே மாதிரி. ஆனால் அன்றைக்குச் சிரித்தான். எனக்குக் கேட்காது என்பது இந்த முறை அவனுக்கு மறக்கவில்லை. அதனால்தான் அந்தப் பக்கம் வந்திருக்கிறான். தெரு முடிகிறவரை நான் பேசாமல் நடந்தேன். அப்புறம் பொறுக்கவில்லை.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுண்ணா" என்றேன்.

நின்றான். எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தான். கண் சிவந்திருந்தது. என் மூக்குக்கண்ணாடிக்கு வலப்பக்கம் மாட்ட இடமில்லாததால் அதன் காம்பை முடியோடு சேர்த்துப் பின் குத்தி வைத்திருப்பேன்.

"பின் கழண்டிருக்கு பாரு" என்று சொல்லி அதை எடுத்துச் சரியாகக் குத்திவிட்டான்.

"சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

"சொல்லியாச்சு" என்றான்.

"சரி. எனக்குக் கேட்டுது."

பொய்தான். ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. இத்தனை வருடம் நான் காத்திருந்த ஒன்றை அவன் தெரு நீளத்துக்குச் சொல்லி முடித்திருக்கிறான், நான் கண்ணாடியில் வாயசைவைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். இன்னொரு தடவை சொல் என்று கேட்டிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. பஸ் வந்தது. வழக்கம்போல என்னை முன்னால் ஏற்றிவிட்டு, என் இடப்பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான்.